முதல் கேள்வி

போர்கில்ட் பொறுப்பேற்ற மார்ச்சில்
ஹாவ்கெசுண்ட் துறைமுகத்தில் ஆலங்கட்டி மழை.
எங்களிடம் பதினொரு கப்பல்கள்,
எல்லாவற்றுக்கும் பறவைகளின் பெயர்.
சால்மன் பண்ணைகளுக்குத் தீவனம் சுமப்பவை.
தூரத்தில் நின்றால் அழகு,
கிட்டப் போனால் மீன்தூள் நாற்றம்.

பெர்கனிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள்.
தொலைநோக்கு என்று தலைப்பிட்ட நாற்பது பக்கம்,
அட்டையில் ஒரு சூரிய உதயம்.
எந்தக் கடலோ,
எங்கள் கடலில் சூரியன் அத்தனை சுலபமாக வருவதில்லை.
போர்கில்ட் அதை மடித்து
என் மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்தாள்.
ஆறு வருடமாக ஆடிய மேசை.

பிறகு மூன்று வாரம் ஆளைக் காணவில்லை.
கப்பல் கப்பலாக ஏறி இறங்கினாள்,
சமையல்காரனோடு உருளைக்கிழங்கு சீவினாள்,
ஸ்டாட் முனையைத் தாண்டும்போது
வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தாள்.
அதை இன்னும் பேசுகிறார்கள்,
கொஞ்சம் மரியாதையோடு.

திரும்பி வந்து கையால் எழுதினாள்:
கப்பலை நிறுத்தச் சொல்ல
கப்பலில் உள்ள எவருக்கும் உரிமை உண்டு.
கரை முதலில் விசாரிப்பது உங்கள் நலத்தை.
அவ்வளவுதான்.
பதினொரு பிரதி எடுத்தது நான்.

'ஸ்கார்வ்' என்றால் நீர்க்காகம்.
அதன் கேப்டன் தோர்லெய்ஃப் தாளை வாங்கினார்,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.
காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.
ஒட்ட இடம் இருந்தது.

அக்டோபர்.
தன் மூக்கு தனக்கே தெரியாத பனியில்
ஸ்கார்வ் வடக்கே போய்க்கொண்டிருந்தது.
காவலுக்கு நின்றவன் யுஸ்டாஸ்,
கிளைப்பெடாவிலிருந்து வந்து நான்காவது வாரம்.
இரண்டு நாற்பதுக்கு
அரைகுறை நார்வேஜியனில் சொன்னான்: நிறுத்துங்கள்.
ஏன்?
ஏதோ சத்தம்.
ராடாரில் ஒன்றும் இல்லை.
வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.
"முப்பத்தொரு வருடமாக
போ என்று மட்டுமே பழகிய கை இது,"
என்றார் தோர்லெய்ஃப் பின்னாளில்.
அந்தக் கை நிறுத்தியது.

மூன்றரை மணி நேரம்.
பனி விலகியபோது தண்ணீர் இருந்தது,
தண்ணீருக்கு மேல் தண்ணீர்ப் பறவைகள்.
மரக்கட்டை இல்லை, படகு இல்லை, பாறை இல்லை.
அந்தச் சத்தம் என்னவென்று
இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

ஆறரைக்குப் பண்ணைக்காரன் என் காதில் கத்தினான்:
மீன்கள் பட்டினி, ஒப்பந்தம், அபராதம்.
நான் போர்கில்டை எழுப்பி
ஸ்கார்வுக்கு இணைப்புக் கொடுத்தேன்.
எடுத்த எடுப்பில் கேட்டாள்:
எவ்வளவு தாமதம்?

கம்பியில் ஒரு வெற்றிடம்.
"மூன்றரை மணி," என்றார் தோர்லெய்ஃப்,
கடல் ஆழத்தைச் சொல்கிற குரலில்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்குப் பதினொரு கப்பலையும்
ஒரே அலைவரிசையில் கூட்டச் சொன்னாள்.
ஈரத் தலையோடு வந்திருந்தாள்,
கோட்டில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.
"இன்று காலை கரை
தவறான கேள்வியை முதலில் கேட்டது.
கரை என்றால் நான்.
யுஸ்டாஸ், எப்படி இருக்கிறாய்?"

இரைச்சல்.
பதினொரு மாலுமி அறைகளில்
காப்பிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றிருக்கும்.
பிறகு அவன் குரல்:
குளிர்கிறது.
எந்தக் கப்பலிலோ ஒருவன் சிரித்தான்,
அது மற்றக் கப்பல்களுக்கும் தொற்றியது.
அபராதத்தை டிசம்பரில் கட்டினோம்.
சின்னத் தொகை இல்லை.

ஜனவரியில் ஒரு கையெழுத்துக்காக
ஸ்கார்வில் ஏறினேன்.
தாள் அங்கேயே இருந்தது, காப்பிக் கறையோடு.
அடியில் பென்சிலில் யாரோ
உயிர்காப்பு மிதவைகளில் எழுதுவோமே, அந்த மாதிரி
எழுதியிருந்தார்கள்:
சோதிக்கப்பட்டது, அக்டோபர் பதினேழு.
அடுத்த சோதனை:
பக்கத்தில் ஒரு கோடு,
கோட்டின் மேல் எதுவும் இல்லை.